சர்வகலாசாலையில் ஒரு பிராது

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நடுத்தரக் குடும்பங்களில் ஒரு பரபரப்பு உண்டாகிறது. பிள்ளையோ பெண்ணோ கலாசாலைக்குப் புறப்பட வேண்டும். சம்பளம் எவ்வளவு, ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி, ரயில் எத்தனை மணிக்கு, பெட்டிக்குப் பூட்டு வாங்கியாயிற்றா என்று வீடு முழுவதும் கேள்விகள். பாட்டி ஊறுகாய் ஜாடியை மூன்று துணி சுற்றிக் கட்டுகிறாள். தகப்பனார் வார்டனுடைய டெலிபோன் நம்பரை இரண்டு இடங்களில் குறித்து வைத்துக்கொள்ளுகிறார். இத்தனை கேள்விகளுக்கும் நடுவில் ஒரு கேள்வியை மட்டும் எவரும் கேட்பதில்லை. அங்கே நம் குழந்தைக்கு ஓர் அவமானம் நேர்ந்தால் அதை யாரிடம் சொல்லிக்கொள்வது? சொன்னால் அவர்கள் எப்படி விசாரிப்பார்கள்?

இப்படிக் கேட்பது அபசகுனம் என்று நினைக்கிறோமோ, என்னவோ! வீட்டை இன்ஷூர் செய்கிறவர், வீடு தீப்பற்றி எரியவேண்டும் என்று ஆசைப்பட்டா செய்கிறார்? ஆகவே, அந்தக் கேள்வியை இங்கே நாம் சற்று நிதானமாகவே கேட்டுப் பார்ப்போம்.

பட்டேரி கிராமத்துப் பெண்மணி

இன்று இந்தியாவில் எந்தச் சர்வகலாசாலையிலும் ஒரு மாணவி தைரியமாகப் பிராது எழுதிக் கொடுக்கலாம் என்றால், அதற்கு மூலகாரணம் ஒரு பட்டதாரி அல்ல. ராஜஸ்தானத்தில் ஜயப்பூருக்கு அருகிலுள்ள பட்டேரி என்ற கிராமத்தில் வசித்த பன்வாரி தேவி என்ற பெண்மணிதான். குயவர் குலத்தில் பிறந்தவர். சர்க்காருடைய பெண்கள் முன்னேற்றத் திட்டத்தில் கிராம ஊழியராக வேலை பார்த்தார். 1992-ஆம் ஆண்டில், ஒரு வயதுகூட நிரம்பாத சிசுவுக்கு நடக்கவிருந்த கல்யாணத்தைத் தடுக்க முயன்றார். அதற்குப் பழி வாங்கச் சிலர் கும்பலாக வந்து தமக்குப் பெருங்கொடுமை இழைத்ததாக அவர் பிராது கொடுத்தார். 1995-இல் விசாரணைக் கோர்ட்டார் எதிரிகளை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்துவிட்டார்கள்.

அந்தத் தீர்ப்பினால் பன்வாரி தேவிக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று மாதர் சங்கங்கள் கொதித்தன. அதற்கு முன்பே அவை விசாகா என்ற பெயரில் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், வேறொரு கேள்வியை எழுப்பியிருந்தன. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு, அந்த வேலையின் காரணமாகவே கேடு வந்தால் அவளைக் காப்பது யார் பொறுப்பு? 1997-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் தேதி பிரதம நீதிபதி வர்மா, நீதிபதிகள் சுஜாதா மனோகர், கிர்பால் ஆகிய மூவரும் அளித்த தீர்ப்பு, ஒவ்வொரு ஸ்தாபனமும் தனக்குள்ளேயே ஒரு விசாரணைக் கமிட்டியை அமைக்கவேண்டும் என்று விதித்தது. பதினாறு வருஷங்களுக்குப் பிறகு, 2013-இல், அதுவே பார்லிமெண்டுச் சட்டமாயிற்று. 2015-இல் சர்வகலாசாலை மானியக் கமிஷன் மாணவ மாணவிகளுக்கும் பொருந்தும்படி தனி விதிகளை வகுத்தது. எழுத்து வாசனை அதிகம் இல்லாத ஒரு கிராமத்துப் பெண் பட்ட வேதனையின் பலனை எம்.ஏ. படிக்கும் பெண்கள் அனுபவிக்கிறார்கள். இந்தக் கடனை நாம் மறக்கலாகாது.

கமிட்டியின் அமைப்பு

கமிட்டியின் தலைமைப் பதவிக்கு உயர்ந்த பதவியிலுள்ள ஒரு பெண் ஆசிரியரே வரவேண்டும். ஆசிரியர் இருவர், அலுவலக ஊழியர் இருவர், வெளியிலிருந்து இந்த விஷயத்தில் அனுபவமுள்ள ஒருவர் ஆகியோர் அங்கத்தினர்கள். மாணவர் சம்பந்தப்பட்ட பிராதுகளில், மாணவர்கள் தேர்ந்தெடுத்த மூன்று பிரதிநிதிகளும் உட்காருவார்கள். மொத்தத்தில் பாதிப்பேராவது பெண்களாயிருக்க வேண்டும். துணைவேந்தர், ரிஜிஸ்திரார், டீன், துறைத் தலைவர் முதலிய அதிகாரிகள் இதில் அங்கம் வகிக்கவே கூடாது. நிர்வாகத்தை நடத்துகிறவர்களுக்கு ஸ்தாபனத்தின் நற்பெயரே கண்முன் நிற்கும்; பிராது கொடுத்தவளின் கண்ணீர் இரண்டாம் பட்சமாகிவிடும். மனித சுபாவத்தை அறிந்தே இந்த விதியைச் செய்திருக்கிறார்கள்.

சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் பிராது எழுத்தில் வரவேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம்வரை அவகாசம் தரலாம். பிராதின் நகல் ஏழு நாளைக்குள் எதிர்க்கட்சிக்குப் போகவேண்டும். அவர் பத்து நாளைக்குள் பதில் எழுதவேண்டும். தொண்ணூறு நாளைக்குள் விசாரணை முடியவேண்டும். சாட்சிகளை அழைக்கவும், தஸ்தாவேஜுகளை வரவழைக்கவும் கமிட்டிக்குச் சிவில் கோர்ட்டுக்குரிய அதிகாரம் உண்டு. வக்கீல்கள் வரக்கூடாது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர் வெளியே போகக்கூடாது. போலீஸாரிடம் போக வேண்டிய குற்றமானால் அதற்கும் சர்வகலாசாலை ஒத்தாசை செய்யக் கடமைப்பட்டிருக்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியமான ஏற்பாடு ஒன்று உண்டு. விசாரணை நடக்கும் காலத்தில், பிராது கொடுத்த மாணவியின் பரீட்சைத் தாளையோ ஆராய்ச்சியையோ எதிர்க்கட்சிக்காரர் மதிப்பிடாமல் தடுத்து வைக்கலாம். இதன் அருமை ஆராய்ச்சி மாணவிகளுக்குத்தான் தெரியும். டாக்டர் பட்டத்துக்காக நாலைந்து வருஷம் உழைக்கும் பெண்ணுக்கு வழிகாட்டிப் பேராசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் உதவிச் சம்பளம். அவர் நற்சாட்சி எழுதினால்தான் உத்தியோகம். குருவைத் தெய்வமாக வைத்துப் போற்றிய நாடு இது. அந்த மரியாதை நல்ல குருவுக்கு அணிகலன். கெட்ட குருவுக்கோ அதுவே கவசமாகிவிடுகிறது. "அவரா? இருக்கவே இருக்காது!" என்று ஊரே சொல்லும்போது ஒரு சிறு பெண் எப்படி வாய் திறப்பாள்?

அவசரம் செய்த அநியாயம்

அப்படியானால் பிராது வந்த மறுநாளே எதிர்க்கட்சியைத் துரத்திவிடலாமா? கூடவே கூடாது. இதற்குக் கோவா சர்வகலாசாலையில் நடந்த விவகாரமே அத்தாட்சி.

2009-ஆம் ஆண்டில் அங்கே ஒரு துறைத் தலைவர்மீது மாணவிகள் பிராது கொடுத்தார்கள். இரண்டு பேரில் தொடங்கிப் பின்னர் இன்னும் பலர் சேர்ந்தார்கள். கமிட்டியார் முதலில் மெதுவாகத் தொடங்கி, பிறகு சில வாரங்களுக்குள் கூட்டத்தின் மேல் கூட்டமாக நடத்தினார்கள். எதிர்க்கட்சிக்காரர் தம் பக்கத்தைச் சொல்லப் போதிய அவகாசம் தராமல், அவர் இல்லாமலே விசாரணையை முடித்து அறிக்கை கொடுத்தார்கள். 2010-இல் அவர் வேலை போயிற்று. 2012-இல் பம்பாய் ஹைகோர்ட் அவருடைய மனுவைத் தள்ளிவிட்டது. ஆனால் 2023-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் தேதி, சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் போபண்ணாவும் ஹிமா கோலியும் அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்து, விசாரணை நெறி தவறியது என்றும், 2009 மே மாதத்தில் நின்ற இடத்திலிருந்து மறுபடியும் நடத்தவேண்டும் என்றும் உத்தரவிட்டார்கள்.

நேயர்கள் இதைச் சற்றுச் சிந்திக்கவேண்டும். பதினான்கு வருஷம்! மாணவிகளாயிருந்தவர்கள் அதற்குள் படிப்பு முடித்து எங்கெங்கோ போயிருப்பார்கள். ஆறிய புண்ணைக் கீறி மறுபடியும் சாட்சி சொல் என்றால் அது அவர்களுக்கு நியாயமா? எதிர்க்கட்சிக்காரர் குற்றமற்றவராயிருந்தால் அவருக்குத்தான் இழந்த காலம் திரும்பி வருமா? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது கமிட்டிகளுக்கும் பொருந்தும். பத்து நாள் அவகாசம் கொடுத்திருந்தால் பத்து வருஷத்துக்கு மேல் மிச்சமாகியிருக்கும்.

அதே தீர்ப்பில் நீதிபதிகள் மற்றொன்றையும் வருத்தத்தோடு குறிப்பிட்டார்கள். சட்டம் பிறந்து பத்து வருஷமாகியும் அது சரிவர அமுலாகவில்லை என்பதே அது. கமிட்டி இருக்கிறதா, அங்கத்தினர் யார், அவர்களுக்குத் தெரிவிப்பது எப்படி என்பதையெல்லாம் சரிபார்த்துப் பகிரங்கப்படுத்தும்படி அவர்கள் உத்தரவிட்டார்கள். கமிட்டி அமைக்காத எஜமானர்களுக்கு ஐம்பதினாயிரம் ரூபாய்வரை அபராதம் என்று சட்டமே சொல்லுகிறது.

பொய்ப் பிராதைப் பற்றிச் சிலர் அடிக்கடி கேட்பதுண்டு. வேண்டுமென்றே பொய் சொன்னதாகத் தனியே ருசுவானால் நடவடிக்கை உண்டு. ஆனால் பிராதை ருசுப்பிக்க முடியவில்லை என்பதனால் மட்டும் அது பொய்யாகிவிடாது என்று சட்டம் தெளிவாய்க் கூறுகிறது. மூடிய அறையில் நடந்ததற்குச் சாட்சி எங்கிருந்து வரும்?

அளவு நாடாவின் சாட்சியம்

இதுவரை சொன்னது தொந்தரவைப் பற்றி. பாரபட்சம் என்பது வேறு ரகம். அதில் கையும் களவுமாகப் பிடிபடுகிற ஆசாமி பெரும்பாலும் கிடையாது. ஒருவருக்கு அறை கொஞ்சம் சிறியது. ஒருவருக்கு மார்க்கு கொஞ்சம் குறைவு. ஒருவரை ஆசிரியர் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. தனித்தனியே எடுத்தால் எல்லாம் அற்ப விஷயம். இதை எப்படி விசாரிப்பது?

அமெரிக்காவிலுள்ள புகழ்பெற்ற மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலையில் நான்சி ஹாப்கின்ஸ் என்ற உயிர்நூல் பேராசிரியை இருந்தார். கோடுகள் போட்ட ஒரு வகைச் சிறு மீன்களை வைத்து ஆராய்ச்சி செய்ய அவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் வேண்டியிருந்தது. கேட்டார், கிடைக்கவில்லை. தமக்கு மற்றவர்களைவிடக் குறைந்த இடமே இருக்கிறது என்றார், எவரும் நம்பவில்லை. ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, ஆய்வுச்சாலைகளை ஒவ்வொன்றாக அளந்து எழுதினார். சந்தேகம் கணக்காகிவிட்டது!

கலாசாலைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி, அனுப்புமுன் சக பேராசிரியை ஒருவரிடம் காட்டினார். அவர் நகைப்பாரோ என்று பயந்தார். அவரோ, தாமும் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். 1994-இல் அந்த விஞ்ஞானப் பிரிவில் நிரந்தரப் பதவி பெற்ற ஆடவர் 194 பேர். பெண்கள் 15 பேர். அந்தச் சிலர் ஒன்று கூடியதும் ஒரு கமிட்டி ஏற்பட்டது. இடம், சம்பளம், பரிசு, பதவி எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1999-இல் அறிக்கை வெளியாயிற்று. கலாசாலைத் தலைவர் சார்லஸ் வெஸ்ட், பாரபட்சத்தில் பாதி மனப்பிராந்தியாயிருக்கலாம் என்று தாம் எண்ணியதுண்டு என்றும், உண்மையே பெரும்பங்கு என்பதை இப்போது உணர்ந்ததாகவும் மனம் விட்டு ஒப்புக்கொண்டார். தவறை ஒப்புக்கொண்டதால் அந்தக் கலாசாலையின் கீர்த்தி குறைந்துவிடவில்லை.

நம் தேசத்திலும் இத்தகைய விசாரணை நடந்திருக்கிறது. டில்லியிலுள்ள அகில இந்திய வைத்திய விஞ்ஞானக் கழகத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்பு, பழங்குடி மாணவர்களின் நிலையை ஆராய, 2006-இல் சுகதேவ் தோராத் தலைமையில் ஒரு கமிட்டி அமைக்கப்பட்டது. மறு வருஷம் வந்த அறிக்கை, ஹாஸ்டலில் அவர்கள் ஒதுங்கி வாழ நேர்ந்ததையும், ஆசிரியர் ஆதரவு கிட்டாததையும், செய்முறை, வாய்மொழிப் பரீட்சைகளில் நியாயமான மதிப்பெண் கிடைப்பதில்லை என்று அவர்கள் முறையிட்டதையும் எடுத்துக் கூறியது. எழுத்துப் பரீட்சையில் பெயரை மறைக்கலாம். வாய்மொழிப் பரீட்சையில் முகத்தை மறைக்க முடியுமா? 2012-இல் மானியக் கமிஷன், ஒவ்வொரு ஸ்தாபனத்திலும் பாரபட்ச ஒழிப்பு அதிகாரி ஒருவர் இருக்கவேண்டும், அறுபது நாளில் பிராதை முடிக்கவேண்டும் என்று விதி செய்தது.

விதி ஏட்டில் இருந்தது. 2016 ஜனவரியில் ஹைதராபாத் மத்திய சர்வகலாசாலையில் ரோஹித் வெமுலா என்ற ஆராய்ச்சி மாணவர் உயிரை மாய்த்துக்கொண்டார். 2019 மே மாதத்தில் பம்பாயில் பாயல் தாட்வி என்ற இளம் டாக்டர் அவ்வாறே மறைந்தார். அந்த வருஷமே இருவருடைய தாயாரும் சேர்ந்து சுப்ரீம் கோர்ட்டின் படியேறினார்கள். தங்கள் குழந்தைகள் திரும்பி வரமாட்டார்கள் என்பதை அவர்கள் அறியாதவர்களா? மற்றவர் குழந்தைகளுக்காகவே அவர்கள் கேட்டார்கள்.

வீட்டில் செய்யவேண்டியது

கமிட்டியும் விதியும் ஒரு புறம் இருக்கட்டும். விசாரணை முதன்முதல் தொடங்குமிடம் சர்வகலாசாலை அல்ல. நம் வீட்டுக் கூடந்தான். பெண் லீவுக்கு வந்து தயங்கித் தயங்கி ஏதோ சொல்லும்போது, "நீ ஏன் அங்கே போனாய்?" என்று நாம் கேட்டால் பிராது அங்கேயே முடிந்துவிடுகிறது. "படித்தது போதும், வீட்டோடு இரு" என்றாலோ தண்டனை குற்றவாளிக்கு அல்ல, அவளுக்கே.

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு தேதி, நேரம், இடம், அருகிலிருந்தவர் எல்லாவற்றையும் அவள் கையாலேயே எழுதி வைக்கச் சொல்லவேண்டும். வந்த கடிதங்களையும் செய்திகளையும் அழிக்கலாகாது. மூன்று மாதக் கெடுவை மறக்கலாகாது. பணம் கொடுத்துச் சமாதானம் பேச வருகிறவர்களுக்கு, பணத்தை ஆதாரமாகக் கொண்ட சமரசத்தைச் சட்டமே தடுக்கிறது என்று பதில் சொல்லலாம். நம் பிள்ளைமீதே பிராது வந்தாலும், விசாரணைக்கு ஒழுங்காக ஆஜராகி உண்மை பேசச் சொல்வதுதான் பெற்றோர் கடமை. இந்த இரண்டாவது பாடத்தை நாம் இன்னும் படிக்கத் தொடங்கவில்லை.

ஆகவே, இந்த வருஷம் பெட்டி கட்டும்போது, கமிட்டித் தலைவியின் பெயரையும் விலாசத்தையும் விசாரித்து ஒரு சீட்டில் எழுதி, ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவோம். அதை எடுக்க வேண்டிய அவசியமே நேராமல் நாலு வருஷமும் பெட்டியடியில் கிடக்கட்டும். ரயில் புறப்படும்போது, "உடம்பைப் பார்த்துக்கொள், நன்றாகப் படி" என்று வழக்கமாகச் சொல்லுவோம் அல்லவா? அதோடு, "எது நடந்தாலும் எங்களிடம் சொல்லு, நாங்கள் நம்புவோம்" என்றும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுவோம்.