புகை போகும் வழி

வீடு கட்டுவோர் கூடத்துத் தரைக்கு எந்தக் கல், வாசற்கதவுக்கு எந்த மரம் என்று மாதக்கணக்கில் யோசிப்பார்கள். ஆனால் வெப்பமும் நீராவியும் புகையும் தினந்தோறும் மிகுதியாக உண்டாகிற அறை எதுவோ, அந்த அறையிலிருந்து அவை எவ்வழியாக வெளியேறும் என்னும் விஷயத்தை, குடிபுகுந்து ஆறு மாதம் சென்று, சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு மஞ்சளாகப் படர்ந்த பிறகுதான் நினைக்கத் தொடங்குகிறார்கள். அப்பொழுதும் கவலையெல்லாம் சுவரைப் பற்றியதுதான். சுவரில் படிவதற்கு முன் அதே காற்றைச் சுவாசித்தவருடைய நெஞ்சைப் பற்றி விசாரிப்பவர் அரிது.

அடுப்பிலிருந்து எழுவது

விறகும் வறட்டியும் எரிந்த காலத்தில் புகை கண்ணைக் கரித்துத் தன் வரவைத் தானே அறிவித்தது. அதன் கொடுமை சாமானியமானதன்று: விறகு, சாணம், கரி, மண்ணெண்ணெய் முதலியவற்றை எரிப்பதால் வீட்டுக்குள் கெடும் காற்றினால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் மாண்டனர் என்றும், அவர்களுள் 2,37,000க்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. பீடி, சுருட்டைத் தொட்டே அறியாத பெண்களுக்கு நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் வருவதற்கு அடுப்படிப் புகை ஒரு முக்கிய காரணம் என்பது வைத்திய உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். எரிவாயு அடுப்பு வந்தபின் இந்த ஆபத்தில் பெரும்பகுதி நீங்கிற்று என்பது மெய். அடியோடு நீங்கிற்று என்று எண்ணி ஜன்னலைச் சாத்திவிடுவதுதான் பிசகு.

நீலச் சுவாலையோடு எரியும் நல்ல அடுப்புகூட நைட்ரஜன் டை ஆக்ஸைடு என்னும் வாயுவை உண்டாக்குகிறது. அது மூச்சுக்குழலை உறுத்தி, ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு இழுப்பை அதிகப்படுத்தக்கூடியது. பர்னரின் துவாரங்கள் அடைபட்டுச் சுவாலை மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்கத் தொடங்கினால், கார்பன் மோனாக்ஸைடும் சேர்ந்துகொள்கிறது. இவை எரிபொருளால் வருபவை. சமைக்கிற பண்டத்தால் வருவது வேறு. காய்ந்த எண்ணெயில் கடுகு வெடித்து, உளுத்தம்பருப்பு சிவந்து, மிளகாய் வற்றல் கறுக்கத் தொடங்குகிற அந்த அரை நிமிஷத்தில், கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே நெடி ஏறித் தும்மல் வருகிறதென்றால், வாணலிக்கு நேராகக் குனிந்து நிற்பவருக்குள் சென்றது எவ்வளவு என்று நினைத்துப் பார்க்கலாம். அந்த நெடியோடு கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துகள்களும் எழுகின்றன. தலைமயிரின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவான துகள்கள் மூக்கிலோ தொண்டையிலோ தங்காமல் நுரையீரலின் அடிவரை இறங்கிவிடும். மின்சார அடுப்புக்கு மாறியவர்களும் இவற்றிலிருந்து தப்புவதில்லை. எண்ணெய் காய்ந்தால் எந்த அடுப்பிலும் ஆவி எழத்தானே செய்யும்?

மிகுந்த வெப்பத்தில் பொரிக்கும்போது எழும் ஆவியை, மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற வகுப்பில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கிறது. இதைக் கேட்டு வடை சுடுவதை நிறுத்த வேண்டியதில்லை. வடை சுடும்போது ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்றுதான் நான் சொல்லுவேன்; ஆனால் அந்த ஜன்னல் எங்கே இருக்கிறது என்பதில்தான் சிக்கல்.

பழைய வீடும் புதிய அடுக்குமாடியும்

ஓட்டு வீட்டில் அடுக்களை கொல்லைப்புறம் இருந்தது. ஓடுகளின் இடுக்கு வழியாகவும், கூரையில் எழுப்பிய புகைக்கூண்டின் வழியாகவும் புகை தானே மேலேறிப் போயிற்று. முற்றத்தின் வழியாகப் புதுக்காற்று தானே வந்து புகுந்தது. கான்கிரீட் தளம் வந்ததும் மேல்வழி அடைபட்டது. இன்றைய அடுக்குமாடிகளிலோ அடுக்களையின் ஜன்னல், குழாய்கள் இறங்குகிற ஓர் இருட்டுச் சந்தைப் பார்த்திருக்கிறது. மேலும் கீழுமுள்ள வீடுகளின் நெடியெல்லாம் அதே சந்தில் தேங்கி நிற்கிறது. அடுக்களைக்கு வெளிப்புறம் திறக்கும் ஜன்னல் ஒரு சதுர மீட்டருக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்பது தேசியக் கட்டட விதித் தொகுப்பின் நியதி. வெப்பமும் ஈரமும் மிகுந்த கடற்கரைப் பிரதேசங்களில் அறைகளின் ஜன்னற்பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும் என்றும், வறண்ட வெப்பப் பிரதேசங்களில் பத்தில் ஒரு பங்கு போதும் என்றும் அது வகுத்திருக்கிறது. வீடு வாங்கப் போகிறவர்கள் பூஜை அறை எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்பதோடு, ஓர் அளவு நாடாவை எடுத்து இந்த ஜன்னலையும் அளந்து பார்ப்பது உசிதம்.

ஜன்னல் அளவாக இருந்தாலும் அதில் அடித்த கொசுவலையைக் கவனியுங்கள். அடுப்புக்கு அருகிலுள்ள வலையில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கண்ணறைகள் மெழுகிவிட்டதுபோல் மூடிக்கொள்வதை விரலால் தடவினாலே அறியலாம். திறந்த ஜன்னல் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது, உண்மையில் பாதி சாத்திய ஜன்னலே.

காற்று எங்கிருந்து வரும்?

புகையை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேனோ சிம்னியோ வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் கேட்பதெல்லாம் இயந்திரம் எவ்வளவு வேகமாக இழுக்கும் என்பதுதான். இழுப்பதற்குக் காற்று எங்கிருந்து வரும் என்று கேட்பவரைக் காணோம். எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் நின்று நின்று விழுவதையும், எதிர்மூலையில் இன்னொரு துளை போட்டவுடன் சீராக ஒழுகுவதையும் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அடுக்களையின் காற்றுக்கும் அதுவே நியாயம். கதவு ஜன்னல் யாவற்றையும் அடைத்துவிட்டு ஃபேனைச் சுழலவிட்டால், அது முக்கி முனகி ஓசை எழுப்புமேயன்றிப் புகையை வெளியேற்றாது. அதைவிடக் கேடாக, குளியலறையில் எரிவாயு வெந்நீர்க் கருவி வைத்திருக்கும் வீடுகளில், வெளியே போகவேண்டிய அதன் கழிவு வாயுவையும் உள்ளே இழுத்துவிடக்கூடும்.

இதைச் சோதித்தறிய ஓர் ஊதுபத்தி போதும். அதைக் கொளுத்தி, ஃபேனை ஓடவிட்டு, அடுப்பின்மேல் வாணலி இருக்குமிடத்தில் பிடித்துப் பாருங்கள். புகையிழை நேராக ஃபேனை நோக்கிச் சாய்ந்தால் நல்லது. அது தயங்கிச் சுருண்டு, சமைப்பவர் நிற்கிற பக்கமாகத் திரும்பினால், வழி சரியில்லை என்று பொருள். பிறகு கூடத்துக் கதவைத் திறந்து ஒருமுறையும், ஃபேனுக்குப் பக்கத்திலேயே உள்ள ஜன்னலைத் திறந்து ஒருமுறையும் பிடித்துப் பார்த்தால் ஒரு சூட்சுமம் விளங்கும்: ஃபேனை ஒட்டிய ஜன்னல் திறந்திருக்குமானால், ஃபேன் அந்த ஜன்னற்காற்றையே இழுத்து வெளியே தள்ளிவிட்டு, அடுப்பின்மேல் நிற்கும் புகையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆகவே புதுக்காற்று வரும் வாயில் ஒரு பக்கமும், புகை போகும் வாயில் எதிர்ப்பக்கமும், இரண்டுக்கும் நடுவே அடுப்பும் அமைவதே உத்தமம். சமைக்கும் நேரத்தில் கூரை ஃபேனைச் சுழலவிடுவது, மேலேறும் புகையைக் கலைத்து வீடெங்கும் பரப்புவதற்கே உதவும்.

எக்ஸாஸ்ட் ஃபேனா, சிம்னியா?

என் அபிப்பிராயத்தில், நல்ல ஜன்னலும் அதற்கு எதிரே, அடுப்புக்கு மேலே உயரத்தில் பொருத்திய எக்ஸாஸ்ட் ஃபேனும் உள்ள வீட்டுக்கு, குழம்பும் பொரியலும் தோசையுமாக நடக்கிற சமையலுக்குச் சிம்னி இன்றியமையாததன்று. தினமும் பொரிப்பும் வறுப்பும் உள்ள வீட்டுக்கும், அடுக்களையும் கூடமும் ஒன்றாகத் திறந்து கிடக்கிற வீட்டுக்கும் சிம்னி தேவைப்படுகிறது. ஏனெனில் ஃபேன் அறை முழுவதும் பரவிய புகையை வெளியேற்றுவது, சிம்னியோ பரவுமுன்னரே அதை எழுமிடத்தில் பிடிப்பது.

அளவைப் பற்றிக் கடைக்காரர் சொல்லும் எண்ணைக் கேட்டு மயங்க வேண்டாம். பத்தடி நீளம், எட்டடி அகலம், பத்தடி உயரமுள்ள அடுக்களையின் கொள்ளளவு 800 கன அடி, அதாவது சுமார் 23 கன மீட்டர். மணிக்குப் பதினைந்து தடவை அந்தக் காற்று மாறவேண்டும் என்று வைத்துக்கொண்டாலும் 340 கன மீட்டரே ஆகிறது. நம் தாளிப்பை உத்தேசித்து அதை இரட்டிப்பாக்கினால் 680. கடையிலோ 1200 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எண் குழாய் மாட்டாமல் அளந்ததாக இருக்கலாம்; ஆறு அங்குலக் குழாய் மூன்று இடத்தில் மடங்கி, பதினைந்து அடி ஓடி வெளியே போகும்போது அதில் எவ்வளவு மிஞ்சும் என்பதே கேள்வி. இயந்திரத்தின் வலிமைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தைக் காட்டிலும், குழாயின் ஒரு மடிப்பைக் குறைப்பதற்குச் செய்யும் செலவு அதிகப் பிரயோஜனம் தரும். சுருக்குச் சுருக்காக நீளும் குழாயைவிட உட்புறம் வழுவழுப்பான குழாயே மேல். சில வீடுகளில் குழாயை வெளிச்சுவர்வரை கொண்டுபோகாமல் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலேயே விட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று ஆசாரி போய்விடுகிறார். மேலே எண்ணெய் ஊறி, தீ பற்றுவதற்கு வேண்டிய சாமக்கிரிகை அத்தனையும் அங்கே சேமிப்பாகிறது. பணம் கொடுக்குமுன் வெளியே போய்க் குழாயின் வாயைக் கண்ணாற் பார்த்துவிடுங்கள்.

குழாயே இல்லாமல் கரி வடிகட்டியின் வழியாகக் காற்றைச் சுழற்றி அறைக்குள்ளேயே திருப்பிவிடும் சிம்னியும் உண்டு. அது நாற்றத்தை ஓரளவு குறைக்கும். வெப்பத்தையும் நீராவியையும் கார்பன் மோனாக்ஸைடையும் அப்படியே விட்டுவிடும். வேறு வழியே இல்லாதவர்களுக்கன்றி மற்றவர்களுக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். வடிகட்டிகளில், நம் சமையலுக்கு எஃகுத் தகடுகளை வளைத்துச் செய்த பேஃபில் வகையே உகந்தது. மெல்லிய வலைகள் சீக்கிரம் அடைபட்டுவிடும். சிம்னியின் அகலம் அடுப்பின் அகலத்துக்குக் குறையக்கூடாது. எரிவாயு அடுப்புக்கு மேல் 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்தில் அது அமையவேண்டும். பின்னால் உள்ள பர்னரின் புகையை அது நன்றாகப் பிடிக்கும், முன்னாலுள்ளதை அவ்வளவாகப் பிடிக்காது. ஆதலால் பொரிக்கும் வாணலியைப் பின் பர்னரில் வைப்பது காசில்லாத உபாயம். ஓசையையும் கடையிலேயே ஓடவிட்டுக் கேட்டறிவது நலம். இரைச்சல் தாங்காமல் நிறுத்தி வைத்த சிம்னிகள் பல வீடுகளில் பாத்திரத்தட்டாகவே உபயோகப்படுகின்றன.

ஓடவிடும் நேரமும், ஓடவிடக்கூடாத நேரமும்

அடுப்பைப் பற்ற வைப்பதற்குச் சற்று முன்பே தொடங்கி, அணைத்தபின் பத்து நிமிஷமாவது ஓடவிடவேண்டும். பேஃபில் தகடுகளை மாதம் ஒருமுறை வெந்நீரும் சோடாவும் இட்டுக் கழுவினால் போதும்.

ஒரு சமயத்தில் மட்டும் ஸ்விட்சைத் தொடவே கூடாது. எரிவாயு கசிந்த வாடை வந்தால், அதைப் போக்கும் நல்லெண்ணத்துடன் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஸ்விட்சில் தெறிக்கும் ஒரு பொறியே விபத்துக்குப் போதுமானது. மேலும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானதாகையால் தரையோடு தவழுமேயன்றி மேலேயுள்ள ஃபேனைத் தேடி ஏறாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வீட்டுக்கு வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குத் தெரிவிப்பதே முறை.

வாடகை வீட்டில்

வீட்டுக்காரர் சுவரில் துளையிடச் சம்மதிக்கமாட்டார் என்று மனம் தளர வேண்டியதில்லை. அநேக வீடுகளில் அடுக்களை ஜன்னலுக்கு மேலே ஒரு வென்டிலேட்டர் கண்ணாடி இருக்கும்; அதைக் கழற்றிப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, அந்தச் சட்டத்தின் அளவுக்குத் தகடோ பலகையோ வெட்டி, ஒன்பது அங்குல ஃபேன் ஒன்றை அதில் பொருத்திவிட்டால், காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு கண்ணாடியைத் திரும்ப மாட்டிவிடலாம். அந்த ஃபேனின் வாய் எதிர்வீட்டுக்காரரின் படுக்கையறை ஜன்னலை நோக்கியிருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். இருக்குமானால், கீழ்நோக்கித் திரும்பிய மூடி ஒன்றை வெளிப்புறம் மாட்டச் சொல்லலாம், அது மழைச்சாரலுக்கும் தடுப்பாகும்.