பூசணம் பிடித்த தீவனமும் என்சைம் பொடியும்: வாங்குமுன் தெரிந்துகொள்ளுங்கள்

கிள்ளான், பந்திங் பக்கம் மாடு, ஆடு, நாட்டுக்கோழி வளர்க்கும் நம்மவர்களுக்குப் பழகிப்போன தொல்லை ஒன்று உண்டு. மழை ஓயாத மாதத்தில் புண்ணாக்கு மூட்டையைப் பிரித்தால் பச்சையாகப் பூசணம் படிந்திருக்கும். தூக்கிப்போட மனம் வராது. தட்டிவிட்டு, வெயிலில் காயவைத்து மாட்டுக்கு வைத்துவிடுவோம். இப்போது "என்சைம் பொடி கலந்தால் விஷம் முறிந்துவிடும்" என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. அதில் பாதிதான் உண்மை.

பூசணம் காய்ந்து உதிர்ந்தாலும் அது விட்டுச்சென்ற விஷம் தீவனத்திலேயே இருக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அதில் இருந்த விஷத்திற்குத்தான் அஃப்ளாடாக்சின் என்று பெயர். சமையல் சூட்டுக்கெல்லாம் அது அழியாது. நம் நாட்டிலும் 1988 அக்டோபரில் பேராக்கில் 'லோ ஷி ஃபன்' மீ சாப்பிட்ட 13 பிள்ளைகள் ஈரல் செயலிழந்து இறந்தார்கள். அவர்களின் உடல் மாதிரிகளில் அஃப்ளாடாக்சின் இருந்தது உறுதியானது. அந்த வேதனையை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அங்கே விஷம் நேராக உணவில் வந்தது. மாட்டுக்குப் போனால் அது பால் வழியாக நம் வீட்டுக்குள் வரும். பசு தின்ற அஃப்ளாடாக்சினில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு, உருமாறி 'எம்1' என்ற பெயரில் பாலில் இறங்குகிறது. அதிகம் கறக்கும் மாட்டில் இந்த அளவு இன்னும் கூடும். பாலைக் காய்ச்சினாலும் போகாது. இந்தியாவில் 2018இல் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 368இல் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. கூடுதலாகச் சிக்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

இனி என்சைம் விஷயத்துக்கு வருவோம். என்சைம், அதாவது நொதி, ஒரு பூட்டுக்கு ஒரு சாவி போன்றது. சோளத்தில் வரும் ஃபியூமோனிசின் என்ற விஷத்தின் பக்கக் கிளைகளை வெட்டிவிடும் என்சைம் ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் அதைப் பன்றித் தீவனத்துக்கு அனுமதித்தது. கோழிக்கும் பிறகு அனுமதி கிடைத்தது. இளம் பன்றிக்குச் சினைப் பருவம் வந்ததுபோல் உறுப்பை வீங்கவைக்கும் ஸீரலெனோன் என்ற விஷத்துக்கு வேறொரு என்சைம். நம் கோழித் தீவனச் சோளம் பெரும்பாலும் அர்ஜெண்டினா, பிரேசிலிலிருந்து கப்பலில் வருகிறது. ஆகவே பெரிய கோழிப் பண்ணைக்கும் தீவன ஆலைக்கும் இவை பயனுள்ளவைதான்.

ஆனால் நம் மாட்டுக் கொட்டகையின் முதல் எதிரி அஃப்ளாடாக்சின். அதற்கு இன்றும் நம்பகமானது பெண்டோனைட் என்னும் களிமண் வகைதான். அது விஷத்தை அழிப்பதில்லை. வயிற்றிலேயே பிடித்துவைத்துச் சாணத்தோடு வெளியேற்றுகிறது. அதே களிமண் ஃபியூமோனிசின், ஸீரலெனோன் போன்றவற்றை அவ்வளவாகப் பிடிக்காது. அதனால்தான் அவற்றுக்கு என்சைம் தேடிப் போனார்கள். வேறு பல பூசண விஷங்களை மாட்டின் அசைபோடும் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்களே ஓரளவு சிதைத்துவிடும். கோழிக்கு அந்த வசதி இல்லை.

பொட்டலத்தில் 'என்சைம்' என்று போட்டிருந்தால் உடனே வாங்கிவிடாதீர்கள். ஃபைட்டேஸ், சைலனேஸ் என்றிருந்தால் அது செரிமானத்துக்கானது, விஷத்தை முறிக்காது. எந்த விஷத்துக்கு, எந்தப் பிராணிக்கு என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறதா பாருங்கள். கொதிக்கும் கஞ்சியில் கலந்தால் என்சைம் கெட்டுவிடும். சந்தேகம் இருந்தால் கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

எந்தப் பொடியும் பச்சை படிந்த மூட்டையை நல்ல தீவனமாக்காது. மூட்டையைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்குங்கள். சுவரை ஒட்டவிடாதீர்கள். தேங்காய்ப் புண்ணாக்கும் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கும் சீக்கிரம் ஈரம் இழுக்கும். மாதக்கணக்கில் வாங்கிக் குவிக்க வேண்டாம். தெரியாமல் கெட்டதைப் போட்டுவிட்டால் உடனே நிறுத்துங்கள். நிறுத்திய மூன்று நான்கு நாளில் பாலில் எம்1 பெரும்பாலும் மறைந்துவிடும். அதுவரை அந்தப் பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். வாடிக்கை வீடுகளுக்கும் ஊற்றாதீர்கள்.