ஒரே ‘க’, எத்தனை ஒலி?

இந்தியில் ‘க’ நான்கு இருக்கிறது, தமிழில் ஒன்றுதானே என்று குறைப்படுகிறவர்கள் நம்மிடையே நிறைய. எழுத்துப் பற்றாக்குறை என்றே முடிவுகட்டி விடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

குரல்வளை மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு ‘பக்கம்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘க்க’ வருமிடத்தில் அதிர்வு ஒரு கணம் நின்றுவிடும். ‘பங்கம்’ என்றால் நிற்காமல் ஓடும். ‘பகல்’ என்னும்போதோ பலருக்கு நாக்கின் பின்பகுதி அண்ணத்தை முழுதாகத் தொடுவதே இல்லை. காற்று உரசிக்கொண்டு போகிறது. எழுத்து ஒன்று, வாயில் ஒலி மூன்று.

ஒலி எங்கே பிறக்கிறது, குரல்நாண் அதிர்கிறதா, காற்று எப்படி வெளியேறுகிறது என்று ஆராய்வது ஒலியியல். பிறந்த ஒலிகளுள் எவை ஒரு மொழியில் பொருளை மாற்றும், எவை மாற்றா என்று பார்ப்பது ஒலியனியல். ‘மனம்’, ‘மணம்’ இரண்டிலும் ஒரே ஒலிதான் மாறுகிறது, பொருள் வேறாகிவிடுகிறது. ஆகவே ன, ண தனித்தனி ஒலியன்கள். ‘பகல்’ என்பதன் ககரத்தை ‘பங்கம்’ போல அழுத்திச் சொன்னால் கேட்பவர் வெளியூர்க்காரர் என்று நினைப்பார், பொருள் மாறாது. சொல் முதலிலும் இரட்டிக்கும்போதும் அதிர்வற்ற ஒலி, மெல்லினத்தை அடுத்து அதிர்வொலி, உயிர்களுக்கு நடுவே தளர்ந்த ஒலி என்று இடமே ஒலியைச் சொல்லிவிடுகிறது. இவை ஓர் ஒலியனின் மாற்றொலிகள். தனி எழுத்து தேவைப்படவில்லை. வல்லினம் இப்படி இடத்துக்கேற்ப மாறுவதை 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் ஒரு விதியாகவே எடுத்துக்காட்டினார்.

எல்லா மொழிக்கும் இப்படித்தான் ஏதோ ஒன்று. உள்ளங்கையை வாய்முன் வைத்து ஆங்கிலேயர் ‘பின்’ என்றால் கையில் மூச்சு படும். ‘ஸ்பின்’ என்றால் படாது. அவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. இந்தியிலோ மூச்சில்லாத ‘பல்’ நொடி, மூச்சுள்ள ‘பல்’ பழம். அங்கே இரண்டு எழுத்து வேண்டும், இருக்கிறது.

நம் இலக்கணத்தார் இதில் எவ்வளவு நுட்பமாக இருந்தார்கள் என்பதற்குக் குற்றியலுகரம் ஒன்று போதும். கண்ணாடி முன் நின்று ‘பசு’, ‘காசு’ இரண்டையும் இயல்பாகச் சொல்லுங்கள். ‘பசு’வில் உதடு குவியும். ‘காசு’வில் குவியாது, உகரமும் குறுகிவிடும். இது ஒலியியல். இனி ‘இல்லை’யைச் சேருங்கள். ‘பசுவில்லை’ என்கிறோம், ‘காசில்லை’ என்கிறோம். ஒன்றில் உகரம் நிலைத்து நிற்க, மற்றதில் மறைந்துபோகிறது. இது ஒலியனியல். தொல்காப்பியம் 30 எழுத்துகளை முதலெழுத்தாக வைத்து, குற்றியலிகரம், குற்றியலுகரம், ஆய்தம் மூன்றையும் சார்ந்து வருபவை என்று பிரித்ததில் இந்தப் பார்வை இருக்கிறது. நெஞ்சு, மிடறு, நா, இதழ் என ஒலி பிறக்கும் இடங்களை வரிசைப்படுத்த அதில் பிறப்பியல் என்று தனி இயலே உண்டு.

ஆனால் பழைய விதியைச் சொல்லி இன்றைய பேச்சை மறைக்கக் கூடாது. கோர்ட்டில் நடப்பதும் ‘கேஸ்’, அடுப்பில் எரிவதும் ‘கேஸ்’. எழுத்தில் இரண்டும் ஒன்று. பேச்சில் முதலாவது அதிர்வற்றது, இரண்டாவது அதிர்வது. ‘கேஸ் வந்திருக்கு’ என்று காதால் கேட்டவருக்கு ஐயமே வராது, எழுத்தில் படித்தவர் முன்பின் பார்க்க வேண்டும். சொல் முதலில் அதிர்வொலி வராது என்ற வரம்பைக் கடன்சொற்கள் உடைத்துவிட்டன. பேச்சுத்தமிழில் இந்த வேறுபாடு இன்று பொருளை மாற்றுகிறது. இதை ஒப்புக்கொள்வதால் மொழிக்கு இழுக்கில்லை. இதற்காகப் புது எழுத்துகளைக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இதுவரை சூழலே கைகொடுத்துவிடுகிறது.

எனக்கு வருத்தம் வகுப்பறையைப் பற்றித்தான். நெடில்தொடர், வன்தொடர், மென்தொடர் என்று குற்றியலுகரத்தின் ஆறு வகையையும் பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். உதடு குவிகிறதா என்று பார்க்கச் சொல்பவர் அரிது. தமிழாசிரியர்களே, அடுத்த முறை அந்தப் பாடம் எடுக்கும்போது ஒரு கைக்கண்ணாடியையும் கொண்டுபோங்கள்.