மலையில் மரம் மாறினால் ஓடையில் நீர் மாறும்

பவானியில் ஜமக்காளம் நெய்யும் அங்கத்தினரும், கீழ்பவானிக் கால்வாய்ப் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் விளைவிக்கும் அங்கத்தினரும் ஒரே ஆற்றை நம்பி வாழ்பவர்கள். சாயமிட்ட நூலை அலசவும் நீர் வேண்டும். நாற்றங்காலை நனைக்கவும் நீர் வேண்டும். 1955-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பவானிசாகர் அணையை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் அவ்வணைக்கு நீரை அனுப்பும் நீலகிரி மலைச்சரிவுகளில் என்ன வளர்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

அம்மலையின் உச்சிப் பகுதிகள் இயற்கையில் புல்வெளிகளாகவும், பள்ளங்களில் சோலைக்காடுகளாகவும் இருந்தவை. மழைநீரை மண் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் ஊற்றுகளின் வழியே சிறிது சிறிதாக விட்டுக்கொடுத்தது. பிற்காலத்தில் விறகுக்கும், தைலத்துக்கும், செயற்கைப் பட்டு நூலுக்குரிய மரக்கூழுக்கும் என்று பரந்த புல்வெளிகளில் கற்பூர மரம் எனப்படும் தைலமரம் நடப்பட்டது. இதனால் ஓடை நீர் கூடுமா, குறையுமா என்ற வினா எழுந்தது.

உதகமண்டலத்து மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் இதனை அளந்தே பார்த்தனர். கிளென்மார்கனில் அடுத்தடுத்து அமைந்த, ஒவ்வொன்றும் சுமார் 80 ஏக்கர் கொண்ட இரு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை அவர்கள் தேர்ந்தனர். முதலில் சில ஆண்டுகள் இரண்டின் நீரோட்டத்தையும் ஒப்பிட்டு அளந்தனர். பின்னர் 1972-இல் ஒன்றில் மட்டும் 59 சதவீதப் பரப்பில் தைலமரம் நட்டு, மற்றதை இயற்கை நிலையிலேயே விட்டனர். மழை இரண்டுக்கும் ஒன்றே. நிலத்தின் மேற்போர்வை மட்டுமே வேறு.

முதற் பத்தாண்டுச் சுற்றில், மரம் நட்ட பகுதியின் ஆண்டு நீரோட்டம் சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. மரங்களை வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு வளர்ந்த இரண்டாம் சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதமாயிற்று. வேர்கள் முன்னரே ஆழமாக ஊன்றியிருந்தமையே இதற்குக் காரணம். புல்லின் வேர் எட்டாத ஆழத்து ஈரத்தையும் இம்மரம் உறிஞ்சி, இலைவழியே ஆவியாக்கிவிடுகிறது. மழையற்ற மாதங்களின் ஒழுக்கே மிகுதியும் பாதிக்கப்பட்டது என்பதுதான் நாம் கவலையுடன் நோக்க வேண்டிய செய்தி. நமக்கு நீர் மிகவும் தேவைப்படுவதும் அம்மாதங்களிலேயே அல்லவா?

இதைக்கொண்டு மரம் நடுவதே தீது என்று கொள்ளலாகாது. செங்குத்தான சரிவை உழுது கிழங்கு பயிரிட்டால் மண் கரைந்தோடுவதையும், மழைநீர் தங்காது வடிந்துவிடுவதையும் நாம் அறிவோம். தைலமரம் பலருக்கு விறகு தந்ததும் உண்மையே. எனினும், எந்த நிலத்தில் எந்த மரம், எவ்வளவு பரப்பில் என்று ஆராயாமல் நடுவது, மேலே விறகைத் தந்து கீழே நீரைப் பறிப்பதாகும். நட்டவர் ஒருவர், நட்டத்தை ஏற்பவர் வேறொருவர்.

இங்கேதான் கூட்டுறவுக்கு வேலை இருக்கிறது. நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு ஊர் எல்லை கிடையாது. பொதுநிலத்தில் மரம் நடத் திட்டமிடும் சங்கம் எதுவாயினும், விற்பனை விலையோடு ஓடையின் கோடை நீரையும் கணக்கில் எழுதுதல் வேண்டும். எஞ்சிய சோலைகளையும் புல்வெளிகளையும் காப்பது மலைவாசிகளின் கடமை மட்டுமன்று. பாசன மடையிலும் தறிக்குழியிலும் உழைக்கும் நம் அனைவரின் கடமையுமாகும்.