முதுமைப் பராமரிப்பும் காப்பீடும்

ஓய்வூதியர்களின் ஊர் என நெடுங்காலமாகப் பெயர் பெற்ற மைசூரின் பழைய குடியிருப்புகளுள் அக்ரஹாரம் ஒன்றாகும். இத்தகைய பகுதிகளில் முதியவர் ஒருவர் பக்கவாதத்தால் படுக்கையுற்றால், மருத்துவமனைச் செலவு சில வாரங்களில் முடிவுறக்கூடும். பராமரிப்புச் செலவோ ஆண்டுக்கணக்கில் தொடரும். குளிப்பாட்டவும் உணவூட்டவும் ஆள் வேண்டும். பெரும்பாலும் இச்சுமை வீட்டுப் பெண்கள் மீதே விழுகிறது.

2024 அக்டோபரில் ஆயுஷ்மான் பாரத் திட்டம், வருமான வரம்பின்றி, 70 வயது நிறைந்த அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு இது உதவும். நீண்டகால வீட்டுப் பராமரிப்பு இதில் அடங்காது. தனியார் மருத்துவக் காப்பீடுகளும் பொதுவாக மருத்துவமனைச் சிகிச்சையையே மையமாகக் கொண்டவை.

ஜெர்மனி 1995இலும் ஜப்பான் 2000இலும் பராமரிப்புக்கென்றே கட்டாயக் காப்பீட்டை நடைமுறைப்படுத்தின. அன்றாட வாழ்வில் பிறர் உதவி எவ்வளவு தேவை என்பதே அங்கு உதவித்தொகைக்கு அளவுகோல். இந்தியாவில் அத்தகைய பொதுக் காப்பீடு இல்லை.

ஆகவே, பாலிசி எடுப்போர் சிலவற்றை முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். வீட்டில் செவிலியர் சேவைக்குத் தொகை உண்டா? எத்தனை நாட்களுக்கு? செலவில் எப்பகுதியைப் பாலிசிதாரரே ஏற்க வேண்டும்? ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் எவ்வளவு? 2024ஆம் ஆண்டு விதிகளின்படி இக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படலாகாது. பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் நிபந்தனைகளைப் படித்து, ஏற்பில்லையெனில் திருப்பியளிக்கலாம்.

காப்பீடு எட்டாத பராமரிப்புச் செலவுக்குத் தனிச் சேமிப்பே இன்றைய துணை. உடல்நலம் உள்ள காலத்திலேயே அதனைத் தொடங்குதல் நன்று.