பள்ளிக்கூடத்தைத் தேடிப்போன அருங்காட்சியகம்

அருங்காட்சியகங்களின் கதை – 9

நியூயார்க்கில் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1869இல் உருவான கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அதற்கு விதை போட்டவர் ஆல்பர்ட் பிக்மோர். கீழை நாடுகளுக்குக் கப்பலேறிப் போய்ச் சிப்பியும் சங்கும் சேகரித்தவர். புதுக் கட்டடத்தை 1877இல் குடியரசுத் தலைவர் ஹேஸ் திறந்துவைத்தார். விழா முடிந்த பிறகு கூட்டம் குறைந்துபோனது. சென்ட்ரல் பார்க்கின் மேற்கு ஓரம் அன்றைக்கு ஊர்க்கோடி. அவ்வளவு தூரம் வந்து பாடம் செய்த விலங்குகளைப் பார்க்க எத்தனை பேருக்கு ஓய்வு இருக்கும்?

பிக்மோர் 1880இல் ஒரு முடிவெடுத்தார். நகரத்தின் பள்ளி ஆசிரியர்களைக் கூப்பிட்டு வகுப்பு நடத்தத் தொடங்கினார். கண்ணாடிச் சில்லுகளில் பதித்த படங்களை விளக்கொளியில் திரையில் பெரிதாக்கிக் காட்டும் கருவியைப் பயன்படுத்தினார். எரிமலை, பவளப்பாறை, பனிப்பாறை, யானை என்று உலகத்தையே அந்தத் திரையில் கொண்டுவந்தார். கேட்டுவிட்டுப் போன ஒவ்வோர் ஆசிரியரும் மறுநாள் ஒரு வகுப்புக்கே அதைச் சொல்வார் என்பதுதான் அவருடைய கணக்கு. கணக்குப் பொய்க்கவில்லை. 1884இல் நியூயார்க் மாநில அரசே சட்டம் போட்டு இந்த வகுப்புகளுக்குப் பணம் ஒதுக்கியது. படச் சில்லுகளின் தொகுப்புகள் மாநிலத்தின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளுக்கும் போயின. கண்காணிப்பாளர் பதவியை விட்டுவிட்டுப் பொதுக்கல்வித் துறைக்கே பிக்மோர் தலைவரானார். கட்டடத்தையும் சேகரிப்பையும் உருவாக்கிய ஒருவர், அவற்றைவிட ஆசிரியர்களுக்குப் பாடம் சொல்வது பெரிய வேலை என்று கருதியிருக்கிறார். டைனோசர் எலும்புக்கூடுகளால் பேர் பெற்ற அந்த இடத்தின் வரலாற்றில், என் மதிப்பில், இதுதான் முதல் பெரிய நிகழ்ச்சி.

அடுத்த கட்டம் பெட்டிகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் ஷெர்வுட் என்பவரின் பொறுப்பில், பறவைகள், பூச்சிகள், கனிமங்கள் எனத் தனித்தனியாகப் பெட்டிகளில் அடுக்கிப் பள்ளிகளுக்கு இரவல் கொடுத்தார்கள். ஒரு பள்ளியில் பாடம் முடிந்ததும் பெட்டி அடுத்த பள்ளிக்குப் போகும். நெருக்கமான குடியிருப்புகளில், மரமே இல்லாத தெருக்களில் வளர்ந்த பிள்ளைகள் மரங்கொத்தியின் அலகை வகுப்பறையிலேயே அருகில் வைத்துப் பார்த்தார்கள்.

1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் பார்வையற்ற பிள்ளைகளுக்கென்று ஒரு நன்கொடை நிதி கிடைத்து, அவர்களுக்குத் தனி வகுப்புகள் நடந்தன. தொடாதீர்கள் என்ற பலகை அந்த நேரத்துக்கு மட்டும் செல்லாது. கண்ணாடிப் பேழைக்குள் இருந்தவை வெளியே வந்தன. பாடம் செய்த விலங்கின் முதுகில் கைவைத்துத் தடவி, வால் எங்கே முடிகிறது, காது எவ்வளவு பெரிது, பல் எவ்வளவு கூர்மை என்று அந்தப் பிள்ளைகள் அளந்தார்கள். அந்த வகுப்புகளின் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் பிள்ளைகளின் விரல்கள் எவ்வளவு மெதுவாக, எவ்வளவு கவனமாக நகர்ந்திருக்கும் என்பதை ஊகிக்க முடிகிறது. பார்வையுள்ள நாம் ஒரு பேழைக்கு முன் எத்தனை நொடி நிற்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகவே அந்த விலங்கை அறிந்திருப்பார்கள்.

1908ஆம் ஆண்டின் முடிவில் காசநோய் பற்றிய சர்வதேசக் கண்காட்சி அங்கே நடந்தது. ஏழு வாரங்களில் ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். நோய் எப்படிப் பரவுகிறது, காற்றோட்டம் ஏன் வேண்டும், கண்ட இடத்தில் துப்பினால் என்ன ஆகும் என்பதைப் படமும் மாதிரியுமாகக் காட்டினார்கள். மருந்தில்லாத காலத்தில் அந்த அறிவுதான் மருந்து. இயற்கை வரலாறு என்பது செத்த விலங்குகளின் வரலாறு மட்டுமல்ல, தன் வீட்டுக்குள் நடப்பதும் அதில் சேர்த்தி என்று நியூயார்க்வாசிகள் தெரிந்துகொண்டார்கள்.

இந்த இடத்தில் கதையை நிறுத்திப் பாராட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அதே கூரையின் கீழ் 13 ஆண்டுகள் கழித்து நடந்ததையும் சொல்லியாக வேண்டும்.

1921 செப்டம்பரில் இரண்டாவது சர்வதேச யூஜெனிக்ஸ் மாநாட்டை அந்த அருங்காட்சியகம் தன் கட்டடத்தில் நடத்தியது. மனிதர்களில் உயர்ந்த வித்து, தாழ்ந்த வித்து என்று பிரித்து, தாழ்ந்ததாக முத்திரை குத்தியவர்கள் பிள்ளை பெறக் கூடாது, நாட்டுக்குள் வரக் கூடாது என்று சொன்ன கொள்கை அது. தலைமை தாங்கியவர் அருங்காட்சியகத்தின் தலைவரும் தொல்லுயிரியல் அறிஞருமான ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்போர்ன். அறங்காவலர்களில் ஒருவர் மேடிசன் கிராண்ட். வடக்கு ஐரோப்பியரே மேலான இனம் என்று 1916இல் புத்தகம் எழுதியவர். மாநாட்டோடு சேர்ந்து பொதுமக்களுக்கான கண்காட்சியும் நடந்தது. வரைபடங்கள், வம்சாவளி அட்டவணைகள், அளவெடுத்த மண்டையோடுகள். மூன்று ஆண்டுகளில், 1924இல், தெற்கு, கிழக்கு ஐரோப்பியரின் வருகையை இறுக்கிக் குறைத்து, ஆசியரைப் பெரும்பாலும் அடியோடு தடுத்த குடிவரவுச் சட்டம் அமெரிக்காவில் வந்தது. அந்தச் சட்டத்துக்கு வாதம் எடுத்துக் கொடுத்தவர்கள் இதே வட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

அதற்கு முன்பே மறுப்பும் வந்திருந்தது என்பதுதான் வேதனை. அந்த அருங்காட்சியகத்தில் 1905 வரை வேலை பார்த்த மானுடவியலாளர் ஃப்ரான்ஸ் போவாஸ், குடியேறியவர்களும் அவர்கள் பிள்ளைகளுமாக ஏறத்தாழ 18,000 பேரை அளந்து, அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் தலை வடிவமே பெற்றோரிடமிருந்து மாறுவதை 1911இலேயே எழுதியிருந்தார். மாறவே மாறாது என்று சொல்லப்பட்ட இன அடையாளம் ஒரே தலைமுறையில் மாறியது. ஆஸ்போர்ன் தரப்பு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காசநோய்க் கண்காட்சிக்கும் யூஜெனிக்ஸ் கண்காட்சிக்கும் வந்தவர்கள் ஒரே ஊர் மக்கள். இரண்டையும் நம்பித்தான் வந்தார்கள். பெரிய தூண்களும் பளிங்குத் தரையும் உள்ள இடத்தில், அறிஞர்கள் மாட்டிவைத்த அட்டவணை பொய் சொல்லும் என்று யார் நினைப்பார்கள்? அருங்காட்சியகம் நடத்தும் எந்தப் பொது நிகழ்ச்சியையும் நான் ஒரு கேள்வியால்தான் மதிப்பிடுகிறேன். வந்தவர் முடிவை வாங்கிக்கொண்டு போகிறாரா, தானே பார்த்து முடிவுக்கு வர அவருக்கு வழி செய்திருக்கிறார்களா? பார்வையற்ற பிள்ளையின் கையில் விலங்கைக் கொடுத்தது இரண்டாவது வகை. மண்டையோட்டு அட்டவணை முதல் வகை.

இரண்டாவது வகைக்கு அதே நிறுவனத்திலிருந்தே இரண்டு பேரைக் காட்டுவேன்.

ஒருவர் ஃப்ராங்க் லட்ஸ், பூச்சியியல் துறையைச் சேர்ந்தவர். 1925இல் நகரத்துக்கு வெளியே ஹாரிமன் பூங்காக் காட்டில் ஓர் ஒற்றையடிப் பாதை போட்டார். வழிநெடுக மரங்களிலும் பாறைகளிலும் சிறு அட்டைகள் தொங்கின: இந்த மரத்தின் பட்டையைப் பார், இந்த இலையில் சுருண்டிருக்கும் புழுவைப் பார். அந்தப் பாதையை முடித்தவருக்கு இன்னொரு பாதை. அதில் விடை கிடையாது, கேள்விதான் இருக்கும். கற்றது நினைவிருக்கிறதா என்று தன்னைத்தானே சோதித்துக்கொள்ளலாம். இன்று உலகெங்கும் சரணாலயங்களில் நாம் பார்க்கும் இயற்கை நடைபாதைகளுக்கு இது ஒரு முன்னோடி. இதே லட்ஸ், நியூ ஜெர்சியில் தன் வீட்டு மனையில் எத்தனை வகைப் பூச்சிகள் இருக்கின்றன என்று சில ஆண்டுகள் தேடினார். மனை 75 அடிக்கு 200 அடி. நம் கணக்கில் ஆறு கிரவுண்டுக்குச் சற்று மேல். கிடைத்தவை 1402 இனங்கள். 1941இல் அதைப் புத்தகமாக எழுதினார். அமேசான் காட்டுக்குப் போக முடியாத எவரும் இயற்கையை ஆராயலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொருவர் ஃப்ராங்க் சாப்மன். கல்லூரிப் படிப்பு இல்லை. வங்கி வேலையை உதறிவிட்டுப் பறவைகளின் பின்னால் போனவர். 1886இல் மன்ஹாட்டன் வீதிகளில் நடந்தபடி பெண்களின் தொப்பிகளை எண்ணினார். 700 தொப்பிகளில் 542இல் பறவை இறகு இருந்தது, அவற்றில் 40 பறவை இனங்களை அடையாளம் கண்டார். நாகரிகத்தின் பேரால் எத்தனை பறவைகள் சாகின்றன என்பதற்கு ஊர் மறுக்க முடியாத கணக்கு அது. 1888இல் அருங்காட்சியகத்தில் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் கிறிஸ்துமஸ் நாளன்று ஆண்கள் இரண்டு அணியாகப் பிரிந்து துப்பாக்கியோடு கிளம்புவார்கள். கண்ணில் பட்டதையெல்லாம் சுடுவார்கள். எந்த அணியின் குவியல் பெரிதோ அந்த அணிக்கு வெற்றி. சாப்மன் தன் 'பேர்ட்-லோர்' இதழில் 1900 டிசம்பரில் ஒரு மாற்று சொன்னார்: போட்டி இருக்கட்டும், சுடாமல் எண்ணுங்கள், எண்ணியதை எனக்கு எழுதி அனுப்புங்கள். அந்த முதல் கிறிஸ்துமஸில் டொரன்டோ முதல் கலிஃபோர்னியா வரை 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். சுமார் 90 இனங்கள் பதிவாயின.

27 பேர் தொடங்கியது இன்று வரை ஓர் ஆண்டுகூட நிற்கவில்லை. 2000க்கும் அதிகமான இடங்களில், பல்லாயிரம் பேர் ஒவ்வொரு குளிர்காலத்திலும் எண்ணுகிறார்கள். 1970க்குப் பிறகு வட அமெரிக்கா ஏறத்தாழ 290 கோடிப் பறவைகளை இழந்துவிட்டது என்று 2019இல் வெளியான ஆய்வு உலகத்தையே உலுக்கியது. அதற்குப் பயன்பட்ட தரவுகளில் இந்தக் கணக்கெடுப்பும் ஒன்று. தபால்காரரும் ஆசிரியையும் ஓய்வுபெற்ற குமாஸ்தாவும் நோட்டுப் புத்தகத்தில் குறித்த எண்கள் இல்லாமல் எந்த விஞ்ஞானியாலும் நூறாண்டைத் திரும்பிப் பார்த்திருக்க முடியாது.

அருங்காட்சியகத்தின் தயவில் வளர்ந்த பெயர் பெற்றவர்களும் உண்டு. ஸ்டீஃபன் ஜே கூல்ட் ஐந்து வயதில் அப்பாவோடு வந்து டைரனோசாரஸ் எலும்புக்கூட்டைப் பார்த்துத் தொல்லுயிரியலாளர் ஆனார். நீல் டிகிராஸ் டைசன் ஒன்பது வயதில் அங்குள்ள ஹேடன் கோளரங்கத்துக்கு வந்தார். பிறகு அங்கேயே வகுப்புகளில் படித்து, 1996இல் அதற்கே இயக்குநரானார். இவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஆனால் அருங்காட்சியகத்தின் பெருமையை அந்தப் பெயர் தெரியாத நோட்டுப் புத்தகக்காரர்களிடம்தான் நான் அதிகம் காண்கிறேன்.

நம் ஊரிலும் அந்தக் கிறிஸ்துமஸ் கணக்கெடுப்புக்கு ஒரு தங்கை இருக்கிறது. 2015 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கல் நாட்களில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். வீட்டு மொட்டை மாடியோ, கொல்லையோ, ஏரிக்கரையோ, எங்காவது 15 நிமிடம் நின்று கண்ணில் படும் பறவைகளை எண்ணி, 'ஈபேர்ட்' இணையதளத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். கட்டணம் இல்லை. காகமும் மைனாவும் மட்டுமே தெரிந்திருந்தாலும் அவையும் கணக்கில் சேரும். வரும் பொங்கலுக்கு உங்கள் வீட்டுப் பிள்ளைகளை இதில் சேருங்கள். பேர் தெரியாத பறவை வந்தால் உடனே நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவர்களே புத்தகத்தில் தேடட்டும்.

(தொடரும்)