உத்தரவு அளிக்கும் ஆண்டவர்

தெய்வ வழிபாட்டைப் பற்றி எழுதப் புகுவோர், ஆகமம் வகுத்த பூஜை என்றும் கிராமத்து ஜனங்களின் வழிபாடு என்றும் அதனை இரு கூறாகப் பிரித்து, முன்னதைப் பெருங்கோயில்களுக்கும் பின்னதைக் குலதெய்வக் கோயில்களுக்கும் உரியதாக்கிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஈரோட்டுக்குத் தென்மேற்கே, பெருந்துறை வட்டத்தில், தறிச்சத்தம் ஓயாத தெருக்களுக்கு மேலே எழுந்து நிற்கும் சென்னிமலையில், சுப்பிரமணிய சுவாமியின் சந்நிதிமுன் ஒரு முற்பகல் நின்று அங்கே நடப்பதைக் கவனிப்பவரிடம் அந்தப் பிரிவினை செல்லாது.

மூலவர் தண்டாயுதபாணி. காராம்பசு ஒன்று நாள்தோறும் ஓரிடத்தில் தானாகவே பாலைச் சொரிந்து நிற்க, அதைக் கண்டு வியந்தவர்கள் அவ்விடத்தைத் தோண்டியபோது இம்மூர்த்தம் வெளிப்பட்டது என்பது தல ஐதிகம். திருமுகம் பொலிவுடன் விளங்க, இடைக்குக் கீழ்ப்பாகம் மட்டும் செதுக்கி முடியாத கல்லாக இருந்ததாம். அதைச் சீர்செய்ய எண்ணிச் சிற்பியின் உளி பட்டதும் உதிரம் கசிந்தது என்றும், அஞ்சி நடுங்கிய ஊரார் உளியை விலக்கிவிட்டு, இருந்தபடியே மலைமேல் பிரதிஷ்டை செய்தனர் என்றும் சொல்வர். சிற்ப லக்ஷணம் நிறைவுறாத ஒரு மூர்த்தத்தை, அந்த நிலையிலேயே பூரணமென்று ஏற்று, அதற்கு முறைவழுவாத அபிஷேகமும் அர்ச்சனையும் செய்துவரும் சிரத்தையை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

கருவறையின் அமைப்பும் அபூர்வமானது. மற்றக் கோயில்களில் நவக்கிரகங்கள் தனி மேடையொன்றில் நிற்க, இங்கே மூலவரே செவ்வாயின் ஸ்தானத்தில் எழுந்தருளியிருக்க, ஏனைய எட்டுக் கிரகங்களும் அவரைச் சுற்றி அமைந்திருக்கின்றன. ஆகவே முருகனை வலம்வருவதே ஒன்பது கிரகங்களையும் வலம்வருவதாகிறது. செவ்வாய் தோஷத்தால் மகளுக்கோ மகனுக்கோ கல்யாணம் தடைப்படுகிறதே என்று மனம் கலங்கிய பெற்றோர் செவ்வாய்க்கிழமைகளில் இங்கே வந்து கூடுவதற்குக் காரணம் இதுவே.

ஆனால் ஜாதகத்தைக் காட்டிலும் கொங்கு நாட்டார் நம்புவது ஆண்டவரின் உத்தரவையே. கல்யாணம் பேசி முடிப்பதானாலும், காடு வாங்குவதானாலும், கிணறு வெட்டுவதானாலும், வைத்தியம் தொடங்குவதானாலும், முதலில் மலையேறி வந்து ‘பூக்கேட்பது’ இவ்வட்டாரத்து மரபு. சிரசுப்பூ உத்தரவு என்று அதனைச் சொல்கிறார்கள். அர்ச்சகர் மூர்த்தியின் சிரசில் பூவைச் சாத்திவிட்டு விலகி நிற்க, கேட்க வந்தவர் குடும்பத்தோடு கைகூப்பி நின்று, கண்ணிமைக்கவும் தயங்கி, அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருப்பார். பூ விழும் குறிப்பே உத்தரவு. உத்தரவு கிடைத்தால் முகம் மலர்ந்து இறங்குவார். கிடைக்காவிட்டால், கைக்கு வந்த சம்பந்தமே ஆனாலும், ‘சாமி சொல்லலீங்க’ என்று அதை விட்டுவிடுவார். குடும்பத்துப் பெரியவரைக் கேளாமல் ஒரு காரியத்தையும் தொடங்காத பண்பு, இந்தச் சந்நிதியில் தெய்வத்திடமே செலுத்தப்படுகிறது. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவோர் உண்டு. தன் ஆசையைத் தானே தடுத்துக்கொள்ளச் சித்தமாக இருக்கும் மனத்தை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. காங்கயத்தை அடுத்த சிவன்மலையிலும் இந்த மரபே வேறோர் உருவில் விளங்குகிறது: பக்தர் ஒருவரின் கனவில் ஆண்டவர் குறிப்பிட்ட பொருளை, சந்நிதியில் பூக்கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே, உத்தரவுப் பெட்டியில் வைக்கிறார்கள்.

மலைக்கு 1,320 படிகள். இந்நாளில் வாகனங்கள் ஏறத் தார்ச்சாலை இருந்தும், அபிஷேகத்துக்கான திருமஞ்சனத் தீர்த்தம் அடிவாரத்திலிருந்து பொதிகாளைகளின் முதுகில், படிவழியாகவே மேலே செல்கிறது. ஏறுகிறவர்கள் ஓரமாக ஒதுங்கி வழிவிட, சிலர் காளையின் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள, அவை படிக்குப் படி குளம்பை ஊன்றி நிதானமாக ஏறுகின்றன. குழாய் வழியே நீரேற்றுவது இன்று சிரமமான காரியமன்று. எனினும் உழவுக்கும் ஏற்றத்துக்கும் மாட்டையே நம்பி வாழ்ந்த ஒரு நாடு, தன் உழைப்பில் பங்குகொண்ட ஜீவனை சுவாமி கைங்கரியத்திலும் பங்குகொள்ளச் செய்திருப்பது எவ்வளவு பொருத்தம்! 1984-ஆம் ஆண்டில் இரட்டை மாடு பூட்டிய வண்டியொன்று இப்படிகளிலேயே மலையுச்சிக்கு ஏறிய அதிசயத்தை ஊரார் இன்றும் பக்திப் பரவசத்தோடு சொல்கிறார்கள்.

தைப்பூசத் தேரும் பங்குனி உத்திரமும் இங்கே விசேஷம். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம் இது. கந்தர் சஷ்டி கவசம் அரங்கேறியதும் இம்மலையில்தான் என்பது இவ்வூரார் போற்றிவரும் மரபு. போர்வைக்கும் ஜமக்காளத்துக்கும் பெயர்பெற்ற இந்த நெசவாளர் ஊரில் 1904-இல் ஒரு நெசவுக் குடும்பத்தில் பிறந்த குழந்தைக்குக் குமாரசாமி என்று ஆண்டவர் பெயரையே இட்டார்கள். கொடி காத்த திருப்பூர்க் குமரன் அவரே.

வருகிறவர்களில் பலர் மூலவரைத் தரிசித்த மாத்திரத்தில் பிரசாதம் பெற்றுக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். கோயிலின் பின்புறம் இன்னும் சிறிது மேலே ஏறினால், வள்ளியும் தெய்வானையும் அமிர்தவல்லி, சுந்தரவல்லி என்னும் திருநாமங்களோடு தவக்கோலத்தில், ஒரே கல்லில் அமைந்த மூர்த்தங்களாக, தனிச் சந்நிதியில் வீற்றிருக்கிறார்கள். அதற்கும் அப்பால் பிண்ணாக்குச் சித்தர் வாழ்ந்த இடம் இருக்கிறது. சென்னிமலைக்குச் செல்லும் அன்பர்கள், கால் இடங்கொடுக்குமானால் ஒருமுறையாவது படிவழியே ஏறி, அம்மையர் இருவரின் சந்நிதியையும் சித்தர் இருந்த இடத்தையும் வணங்கிவிட்டே இறங்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.